ஹீமோகுளோபின் 6.2, கூம்ஸ் பாசிட்டிவ், எந்த ரத்தமும் பொருந்தவில்லை: இது என்ன நோய்?

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 52, எடை 60 கிலோ. மூன்று வாரமாகப் படி ஏறினால் மூச்சிரைப்பு, படபடப்பு, கண்ணில் மஞ்சள். காமாலை என்று நினைத்துப் பத்து நாள் கீழாநெல்லி கொடுத்திருக்கிறார்கள். சோர்வு கூடியபின் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.2. மருத்துவர் ‘ஆட்டோஇம்யூன் ஹீமோலிடிக் அனீமியா’ (உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சிவப்பணுக்களை உடைக்கும் சோகை) என்று எழுதி ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார். ரத்த வங்கியோ, எந்தப் பையை வைத்துப் பார்த்தாலும் கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் பரிசோதனை) பொருந்தவில்லை என்கிறது. இது புற்றுநோயா, இரும்புச்சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமும் கொடுக்கலாமா, பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு ரத்தம் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. வழக்கத்தைவிடப் பல மடங்கு ஊறுகிறது. ஆனால் ஊறுகிற வேகத்தைவிட உடைகிற வேகம் அதிகம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை நெருக்கடி வந்தால் தன் உற்பத்தியை ஆறு முதல் எட்டு மடங்கு வரை கூட்டும். அதனால் சிவப்பணுவின் ஆயுள் 20 நாளாகக் குறைந்தால்கூட ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆள் நடமாடிக்கொண்டிருப்பார், கண் மட்டும் லேசாக மஞ்சளாக இருக்கும். ஆயுள் பத்து நாள், ஐந்து நாள் என்று இறங்கும்போதுதான் ஹீமோகுளோபின் சரசரவென்று விழும். மூன்று வாரம் இழுத்துப்பிடித்துவிட்டுத் திடீரென்று படுத்துவிட்டார் என்று நீங்கள் சொல்வது இதனால்தான்.

உடைப்பது யார்? கிருமியின் மேல் ஒட்டி அதை அடையாளம் காட்ட வேண்டிய எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இங்கே சொந்தச் சிவப்பணுவின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அணு வெடித்துவிடாது. ரத்தத்தோடு ஓடி மண்ணீரலுக்குப் போகும். அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் அந்த ஆன்டிபாடியைப் பிடிமானமாக வைத்துச் சிவப்பணுவை இழுக்கும். சிலதை முழுதாக விழுங்கும். பலவற்றில் மேல்தோலை மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு விட்டுவிடும். தோல் குறைந்து, உள்ளே இருக்கும் சரக்கு குறையாமல் போனால் என்ன ஆகும்? நடுவில் குழிந்த தட்டாக இருந்த அணு உருண்டையாகிவிடும். காற்று இறங்கிய பந்து எந்தச் சந்திலும் நசுங்கி நுழைந்துவிடும், முழுக்க அடைத்த பந்து நுழையாது. மண்ணீரலில் ரத்தம் கடக்க வேண்டிய இடுக்குகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலம்தான். உருண்டை அணு அதில் மாட்டிக்கொண்டு அடுத்த கடியில் தீர்ந்துவிடும். ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்த அறிக்கையில் ‘ஸ்ஃபீரோசைட்’ என்று எழுதியிருக்கிறார்களே, அது இந்தக் கடிபட்ட உருண்டைதான்.

இனி அம்மாவின் ரிப்போர்ட்டை வரிவரியாகப் பார்க்கலாம். இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிலிருபின் என்பது சிவப்பணு உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி; அதில் கல்லீரல் பதப்படுத்தியது நேரடி, இன்னும் பதப்படுத்தாதது மறைமுகம். மொத்த பிலிருபின் 3.8, அதில் நேரடி பிலிருபின் 0.6 மட்டும். எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 28. கல்லீரல் நொந்திருந்தால் எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் நின்றிருக்கும், நேரடி பிலிருபினும் கூடியிருக்கும். இங்கே கல்லீரல் நன்றாக இருக்கிறது. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறமி அதற்குக் கையாள முடியாத அளவுக்குக் குவிகிறது. இந்த மறைமுக பிலிருபின் சிறுநீரில் இறங்காது. அதனால்தான் கண் மஞ்சளாக இருந்தும் சிறுநீரில் பிலிருபின் இல்லை என்று வந்திருக்கிறது. நம் ஊரில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்பது கை தானாகப் போகிற பழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் கண்ணோடு முகம் வெளிறியும் இருந்தால் அது கல்லீரல் காமாலை இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். கல்லீரல் காமாலையில் பொதுவாக ஆள் இப்படி வெளுக்க மாட்டார். பத்து நாள் போனது அங்கேதான்.

எல்டிஹெச் 890. இது சிவப்பணுவுக்குள் இருக்கும் நொதி, அணு உடைந்தால் வெளியே கொட்டும். ஒரு எச்சரிக்கை: நரம்பு கிடைக்காமல் சிரமப்பட்டு எடுத்த ரத்தம் குழாயிலேயே உடைந்துபோனாலும் எல்டிஹெச் ஏறும், கூடவே பொட்டாசியமும் ஏறும். ஆனால் குழாயில் உடைந்தால் பிலிருபின் ஏறாது. எல்டிஹெச், பிலிருபின் இரண்டும் ஏறியிருப்பதால் உடைவது உடம்புக்குள்தான். ஹேப்டோகுளோபின் அளவிட முடியாத அளவு குறைவு என்று வந்திருப்பதும் இதையே உறுதி செய்கிறது. சிதறிய ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்றும் புரதம் அது. பிடித்துப் பிடித்தே தீர்ந்துவிட்டது.

ரெட்டிகுலோசைட் 14 சதவீதம். இவை மஜ்ஜையிலிருந்து நேற்று முன்தினம் வந்த இளம் சிவப்பணுக்கள். வழக்கமாக 0.5 முதல் 2.5 வரைதான் இருக்கும். ஆனால் 14 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் மொத்த அணுக்களே குறைவு. அம்மாவின் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் நிரப்பும் சதவீதம், 18. ஆகவே 14-ஐ 18-ஆல் பெருக்கி, இயல்பான 45-ஆல் வகுத்தால் 5.6. இவ்வளவு சோகையில் இளம் அணுக்கள் அவசரமாக முன்கூட்டியே வெளியே வந்து அதிக நாள் சுற்றும் என்பதால் அதை மறுபடி 2.5-ஆல் வகுத்தால் சுமார் 2.2. இந்த எண் 2-க்கு மேல் இருந்தால் மஜ்ஜை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 104 என்று ஏறியிருப்பதற்கும் காரணம் இதுவே: இளம் அணுக்கள் அளவில் பெரியவை.

இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிற ஒரு நோய் உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலும் ஹீமோகுளோபின் 6-க்கு வரும், எம்சிவி ஏறும், எல்டிஹெச் ஆயிரத்தைத் தாண்டும், கண் லேசாக மஞ்சளாகும். மஜ்ஜைக்குள்ளேயே அரைகுறை அணுக்கள் உடைவதால் அப்படி. வித்தியாசம் ரெட்டிகுலோசைட்டில் இருக்கிறது. பி12 குறைவில் அது ஏறாது. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைந்த நம் ஊரில் பி12 அளவைப் பார்க்காமல் இந்த நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியில்லை. அதே சமயம், இந்த நோயிலும் ஆரம்ப நாட்களில் சிலருக்கு ரெட்டிகுலோசைட் ஏறாமல் இருக்கும், மஜ்ஜை விழித்துக்கொள்ள ஒரு வாரம் ஆகும். எனவே ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இதுவரை பார்த்தவை உடைகிறது என்று மட்டும் சொல்லும். உடைப்பது ஆன்டிபாடிதான் என்று காட்டுவது நேரடி கூம்ஸ் பரிசோதனை. ரிப்போர்ட்டில் டிசிடி அல்லது டிஏடி என்று இருக்கும். 1945-ல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸ், ஆர்தர் மூரன்ட், ராபர்ட் ரேஸ் மூவரும் வெளியிட்ட முறை. கார்லோ மொரெஸ்கி என்ற இத்தாலியர் இதே தத்துவத்தை 1908-லேயே எழுதியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. முறை எளிமையானது. நோயாளியின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று நான்கு முறை கழுவுவார்கள். அணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் கழுவினாலும் போகாது. அதன் பிறகு மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஒரு திரவத்தை இரண்டு சொட்டு விடுவார்கள். பக்கத்துப் பக்கத்து அணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடிகளை அது பாலம் போட்டு இணைத்துவிட, அணுக்கள் கட்டி கட்டியாகத் திரளும். இப்போது பல இடங்களில் ஜெல் அட்டையில் செய்கிறார்கள்: சுழற்றியபின் அணுக்கள் குழலின் அடிக்கு வந்துவிட்டால் நெகட்டிவ், ஜெல்லின் தலையிலேயே சிவப்புப் பட்டையாக நின்றுவிட்டால் 4 பிளஸ்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. குழாய் முறையில் சரியாகக் கழுவாவிட்டால் பிளாஸ்மாவில் மிச்சமிருக்கும் புரதம் அந்தத் திரவத்தைத் தின்றுவிடும், பாசிட்டிவ் ஆக வேண்டியது நெகட்டிவ் ஆகும். அதனால்தான் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு குழாயிலும் கட்டுப்பாட்டு அணுக்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். மாதிரி ஊதா மூடி இடிடிஏ குழாயில் இருக்க வேண்டும். உறைந்த ரத்தத்தில் செய்தால் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். எல்லாம் சரியாகச் செய்தும் இந்த நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நெகட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்தவர் எல்லாரும் நோயாளியும் அல்ல.

அடுத்து, வெறும் பாசிட்டிவ் என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒட்டியிருப்பது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு ஐஜிஜி (ஆன்டிபாடியில் ஒரு வகை) 3 பிளஸ், சி3டி (காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்களின் ஒரு துண்டு) நெகட்டிவ். இது உடல் சூட்டில், 37 டிகிரியில் வேலை செய்யும் ‘வார்ம்’ வகை. பத்தில் ஆறேழு பேருக்கு இதுதான். ஸ்டீராய்டு கேட்கிற வகை.

சி3டி மட்டும் பாசிட்டிவாகி ஐஜிஜி நெகட்டிவாக வந்தால் கதையே வேறு. அது பெரும்பாலும் ‘கோல்ட்’ வகை. அங்கே குற்றவாளி ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி; விரல் நுனி, காது மடல், மூக்கு நுனி போன்ற குளிர்ந்த இடங்களில் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ரத்தம் உள்ளே சூட்டுக்கு வந்ததும் ஐஜிஎம் கழன்றுவிடும், ஆனால் காம்ப்ளிமென்ட் என்ற புரதச் சங்கிலியை அணுவின் மேல் ஏற்றிவிட்டுத்தான் கழலும். உடைப்பும் மண்ணீரலில் அல்ல, முக்கியமாகக் கல்லீரலில். ஆகவே இந்த வகையில் ஸ்டீராய்டு சொல்லிக்கொள்ளும்படி பலன் தராது, மண்ணீரலை எடுப்பதும் வீண். வகை தெரியாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பதைப் போன்ற வீண்வேலை இந்த நோயில் வேறில்லை.

கோல்ட் வகையை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் எண்ணும் இயந்திரம்தான். ஒரு ரிப்போர்ட் இப்படி வரும்: ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணு எண்ணிக்கை 11 லட்சம், எம்சிவி 127, பிசிவி 14, எம்சிஹெச்சி 60. எம்சிஹெச்சி என்பது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற அளவு; அது 60 என்பது நடக்கவே நடக்காத எண். சாதாரணமாக ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவி கிட்டத்தட்ட வர வேண்டும், 8.4-க்கு 25 வர வேண்டிய இடத்தில் 14 இருக்கிறது. குழாயில் குளிர்ந்த அணுக்கள் நாலைந்தாக ஒட்டிக்கொண்டதை இயந்திரம் ஒரே பெரிய அணுவாக எண்ணிவிட்டது. அதே குழாயை 37 டிகிரி நீரில் சூடாக்கிவிட்டு உடனே ஓட்டினால் எண்ணிக்கை 27 லட்சத்துக்கு வரும், எம்சிஹெச்சி 33-க்கு இறங்கும். அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் இதை ரிப்போர்ட் வெளியே போகுமுன் பிடித்துவிடுவார். பிறகு 4 டிகிரியில் கோல்ட் அக்ளூட்டினின் டைட்டர், அதாவது குளிரில் ஒட்டவைக்கும் அந்த ஆன்டிபாடி எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். 64-க்கு மேல் என்றால் பொருட்படுத்த வேண்டியது. அந்த மாதிரியை எடுத்ததிலிருந்து பிளாஸ்மா பிரிக்கும்வரை சூடாகவே வைத்திருக்க வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் ஆன்டிபாடி அணுவோடு ஒட்டிப்போய் டைட்டர் குறைவாகக் காட்டும்.

நம் ஊர் வெயிலில் குளிர் ஏது என்று நினைக்க வேண்டாம். ஏசி பஸ், ஐஸ் தண்ணீர், மார்கழி விடியற்காலைக் குளியல், ஊட்டிப் பயணம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே ஏற்றும் ரத்தப்பை, குளிர்ந்த ஆபரேஷன் தியேட்டர், எல்லாம் குளிர்தான். இந்த வகைக்கு ரிட்டுக்ஸிமாப் (ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களை அழிக்கும் மருந்து), அதோடு பெண்டமுஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து என்று போவார்கள். காம்ப்ளிமென்ட் சங்கிலியின் முதல் கண்ணியையே தடுக்கும் சுட்டிம்லிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. மைக்கோபிளாஸ்மா நிமோனியாவுக்குப் பின் வரும் கோல்ட் வகை மட்டும் சில வாரங்களில் தானாகவே அடங்கும்.

புற்றுநோயா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த நோய் புற்றுநோய் அல்ல. ஆனால் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதன் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கும்: லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்), நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியா, லிம்ஃபோமா (இவை இரண்டும் ரத்தப் புற்றுநோய்கள்), ஹெச்ஐவி. மீதிப்பேருக்குக் காரணம் கிடைப்பதே இல்லை. அதனால்தான் ஏஎன்ஏ (லூபஸுக்கான பரிசோதனை), ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி மற்றும் சி, சீரம் எலக்ட்ரோஃபோரெசிஸ், நெஞ்சு–வயிறு ஸ்கேன் என்று கேட்கிறார்கள். லிம்ஃபோசைட் எண்ணிக்கை கூடியிருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி. பிளேட்லெட்டும் சேர்ந்து குறைந்தால் எவான்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள், அது இன்னும் பிடிவாதமானது. அம்மாவுக்கு 2.1 லட்சம் இருக்கிறது, அந்தக் கவலை இப்போது இல்லை. பிளேட்லெட் குறைந்து, கூம்ஸ் நெகட்டிவாகி, ஸ்லைடில் உடைந்த துண்டு அணுக்கள் தெரிந்தால் அது டிடிபி என்ற அவசர நோயாக இருக்கலாம், அதற்குப் பிளாஸ்மா மாற்று சிகிச்சை அன்றைக்கே தேவை.

கடந்த ஒரு மாதத்தில் போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இப்படிச் சிவப்பணுவை உடைக்கக்கூடியது, அதுவும் மிக வேகமாக. குழந்தைகளில் உயிரையே எடுத்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. பைப்பராசிலினும் அப்படியே. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு இன்னும் கொடுக்கப்படும் மெத்தில்டோப்பா வேறு விதம்: நீண்ட நாள் சாப்பிட்டவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ கூம்ஸ் பாசிட்டிவாகும், உண்மையில் அணு உடைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மருந்துதான் காரணம் என்றால் அதை நிறுத்துவதே முதல் சிகிச்சை, ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது.

ரத்தம் பொருந்தாத விஷயம்தான் குடும்பத்தை அதிகம் கலங்கடிக்கிறது. அம்மாவின் ஆன்டிபாடி எல்லா மனிதச் சிவப்பணுவிலும் இருக்கும் பொதுவான புரதத்தின் மேல் ஒட்டுகிறது. எனவே ஊரில் யாருடைய ரத்தத்தைக் கொண்டுவந்தாலும் கிராஸ்மேட்ச் திரளும். அண்ணன், தம்பி, மகன் என்று வரிசையில் நின்று கொடுத்தாலும் மாறாது. நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சு செலுத்தாமல் ஏற்றினால் வேறொரு ஆபத்தும் உண்டு: அதிலிருக்கும் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் அரிய, உயிர்க்கொல்லி எதிர்வினை.

ரத்த வங்கியின் உண்மையான பயம் இந்த ஆன்டிபாடி இல்லை. இதன் சத்தத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்குமோ என்பதுதான். முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கும் கர்ப்பமானவர்களுக்கும் பிறர் அணுவுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அது இருக்கும்போது தவறான பையை ஏற்றினால் விபரீதம். அதைக் கண்டுபிடிக்க அட்ஸார்ப்ஷன் என்று ஒரு வேலை செய்வார்கள். நோயாளியின் அணுக்களின் மேல் ஒட்டியிருப்பதை ரசாயனத்தால் உரித்துவிட்டு, அதே அணுக்களை அவருடைய பிளாஸ்மாவில் ஊறவைத்துச் சுய ஆன்டிபாடியை உறிஞ்சி எடுப்பார்கள். மிஞ்சிய பிளாஸ்மாவில் வேறு ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடுவார்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த முறை பயன்படாது, ஏனென்றால் சுற்றிக்கொண்டிருப்பதில் பிறர் அணுக்களும் கலந்திருக்கும். ஆகவே எப்போது, எங்கே ரத்தம் ஏற்றினீர்கள், அம்மாவுக்கு எத்தனை கர்ப்பம், கலைந்தது உட்பட, என்ற விவரம் ரத்த வங்கிக்கு மருந்துச்சீட்டைவிட முக்கியம். ஏற்றுமுன்பே எல்லாப் பரிசோதனைகளுக்கும் மாதிரி எடுத்துவிட வேண்டும். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியை மட்டும் இப்போது பார்த்தால் நம்ப முடியாது. இளம் அணுக்களில் அந்த நொதி அதிகம் இருப்பதால் குறைபாடு மறைந்துவிடும், நோய் அடங்கி மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

கிராஸ்மேட்ச் பொருந்தவில்லை என்பதற்காக ரத்தமே ஏற்றக் கூடாது என்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருந்தாலே மூச்சுத்திணறல், ஹீமோகுளோபின் 5-ஐ நோக்கி இறங்குவது ஆகிய நிலைகளில் காத்திருப்பதுதான் ஆபத்து. அப்போது ஒளிந்திருக்கும் ஆன்டிபாடிக்கு இடம் தராத, குறைந்த எதிர்வினை காட்டும் பையைத் தேர்ந்து, மெதுவாக, பக்கத்தில் ஆள் நின்று ஏற்றுவார்கள். ஏற்றிய அணுவும் உடையத்தான் செய்யும். நோக்கம் ஹீமோகுளோபினை 12 ஆக்குவது அல்ல, ஸ்டீராய்டு வேலை செய்யும்வரை இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவது. ஒரு பை, பிறகு பார்த்து இன்னொரு பை. கோல்ட் வகையானால் பிளட் வார்மர் வழியாக மட்டுமே. இன்னொன்று: விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 99 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். இருக்கும் ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறதா என்றுதான் அது சொல்லும், ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது.

இனி ஸ்டீராய்டு. வார்ம் வகைக்கு பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி., அம்மாவுக்கு நாளைக்கு 60 மி.கி., காலை உணவுக்குப் பின். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் கேட்கும். ஓரிரு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும், மூன்று வாரத்தில் தெளிவு தெரிய வேண்டும். 10-ஐத் தாண்டி நிலைத்தபின் குறைக்க ஆரம்பிப்பார்கள்: முதலில் சில வாரங்களில் 20–30 மி.கி. வரை வேகமாக, பிறகு 5 மி.கி. படியாக, 10-க்குக் கீழே 2.5 மி.கி. படியாக மாதக்கணக்கில். மொத்தம் நாலு முதல் ஆறு மாதம். மருத்துவருக்கு மருத்துவர் இந்தப் படிகள் கொஞ்சம் மாறும், ஆனால் பொறுமை மாறாது.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாம் மாதத்தில்தான். ஹீமோகுளோபின் 11 வந்துவிட்டது, முகம் உப்பிவிட்டது, அக்கம்பக்கத்தில் ‘ஸ்டீராய்டா, ஐயோ’ என்கிறார்கள், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இதில் இரண்டு கேடு. நோய் திரும்பும், திரும்பும்போது சில நாளில் 5-க்கு விழலாம். அதோடு, வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையைப் பார்க்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், வெறும்வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும். எனவே மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், மாலையிலும் பாருங்கள். சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை இப்போது நம்பவே கூடாது. சிவப்பணு 120 நாள் சர்க்கரையில் ஊறினால்தான் அந்த எண் சரியாக வரும். பத்து நாளில் உடைகிற அணுவில் 4.5 என்று அழகாக வரும், ரத்தச் சர்க்கரை 300 இருக்கும்.

ஸ்டீராய்டு தொடங்கும்போதே காசநோய் அறிகுறி உண்டா என்று பார்ப்பது, கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்ப்பது வழக்கம். வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுப்பது பற்றிக் கேளுங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த புழு, ஸ்டீராய்டில் உடம்பெங்கும் பரவிவிடக்கூடியது.

அதிகம் பேசப்படாத ஆபத்து ரத்தக்கட்டி. சோகை உள்ளவருக்கு ரத்தம் எப்படிக் கட்டும் என்று தோன்றும். ஆனால் உடைந்த அணுக்களின் சிதறல் ரத்தத்தை உறையத் தூண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, ஹீமோகுளோபின் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சிரைப்பு கூடினாலோ உடனே போக வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களில் தடுப்பு ஹெப்பாரின் ஊசி தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

மூன்று வாரத்தில் ஏறாவிட்டாலோ, குறைக்கும்போதெல்லாம் விழுந்தாலோ, நாளைக்கு 10 மி.கி.-க்கு மேல் இருந்தால்தான் தாங்குகிறது என்றாலோ அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டை மட்டும் நம்பியவர்களில் அதை நிறுத்தியபின்னும் நீண்டகாலம் நன்றாக இருப்பவர்கள் மூன்றில் ஒருவர் அளவில்தான் என்பதால் இது தோல்வி அல்ல, எதிர்பார்க்கக்கூடியதே. அடுத்தது ரிட்டுக்ஸிமாப்: உடலின் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 375 மி.கி. வீதம் வாரம் ஒன்றாக நான்கு வாரம், அல்லது 1000 மி.கி. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. ஆன்டிபாடி தயாரிக்கும் பி அணுக்களை இது அழிக்கும். ஏற்கனவே சுற்றும் ஆன்டிபாடி தீர வேண்டும் என்பதால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு தொடரும். முதல் டோஸில் குளிர், நடுக்கம் வரும், அதனால் பல மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். முன்பே ஹெபடைடிஸ் பி-க்கு ஹெச்பிஎஸ்ஏஜி (இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டுவது) மட்டும் போதாது, ஆன்டி–ஹெச்பிசி-யும் (முன்பு வந்துபோன தொற்றையும் காட்டுவது) பார்த்தாக வேண்டும். உறங்கும் வைரஸ் விழித்தால் கல்லீரல் செயலிழக்கலாம். விலை பற்றிப் பயம் இருந்தால், 2007-லேயே இந்தியாவில் ரெடிடக்ஸ் என்ற பெயரில் இதன் உள்நாட்டு வடிவம் வந்துவிட்டது, இப்போது மேலும் சில உண்டு.

மண்ணீரலை எடுப்பது இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டது. எடுப்பதானால் இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். அதன்பின் ஆயுளுக்கும், காய்ச்சல் என்றால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அசதியோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்றவை ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவும்.

உணவுக்கு வருவோம். மண்ணீரலில் அணு உடையும்போது அதன் இரும்பு வெளியே போவதில்லை, உடம்பு அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்திவிடும். அம்மாவின் ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) 640 என்று இருக்கிறதே, அது இதனால்தான். இரும்பு மாத்திரை வேண்டாம். பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறுவதால் பேரீச்சையை மட்டும் அளவோடு. தீர்ந்துபோவது ஃபோலிக் அமிலம். பல மடங்கு வேகத்தில் அணு தயாராகும்போது அதன் கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் தினம் 5 மி.கி. மாத்திரை. மலிவானது என்பதாலேயே சீட்டில் விட்டுப்போகிற மருந்தும் இதுதான். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் தனிக் கவனம் வேண்டும்: அணு ரத்தக்குழாய்க்குள்ளேயே வெடிக்கிறது என்று பொருள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

பிள்ளைகளுக்கு வருமா? இது பரம்பரையாக இறங்கும் நோய் அல்ல. மொத்தத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பேருக்கு வருவது. இதைப் போலவே ஸ்லைடில் உருண்டை அணுக்கள் காட்டும் ஹெரிடிட்டரி ஸ்ஃபீரோசைட்டோசிஸ் என்ற இன்னொரு நோய் குடும்பத்தில் இறங்கும், ஆனால் அதில் கூம்ஸ் நெகட்டிவ். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல்லோ, மண்ணீரல் எடுத்த வரலாறோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். மற்றபடி நீங்களும் உங்கள் தங்கையும் கூம்ஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் குறையும் இல்லாத ரத்த தானக்காரர்களிலேயே சில ஆயிரத்தில் ஒருவருக்கு அது பாசிட்டிவாக வரும். வந்தால் அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.